பத்திநாதர் நன்மை வாங்காத வருடங்கள்

பத்திநாதர் ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தார். அந்தப் பஸ்ஸில் பிள்ளையோடு ஏறுகிற தாய்மாருக்கு அவரைக் கண்டால் பயம். காரணம் வேறொன்றுமில்லை. மடியில் இருக்கும் பிள்ளைக்கு வயதென்ன என்று அவர் தாயிடம் கேட்கமாட்டார், பிள்ளையிடமே கேட்பார்.

ஒருமுறை சரவணையில் ஏறிய ஒரு மனுஷி, கால் நிலத்தில் முட்டுகிற அளவுக்கு வளர்ந்த பெடியனை மடியில் இருத்திவைத்துக்கொண்டு, "மூண்டு வயசுதான்" என்றாள். பத்திநாதர் குனிந்து பெடியனைப் பார்த்தார்.

"தம்பி, உமக்கு எத்தினை வயசு?"

"ஏழு. ரெண்டாம் வகுப்பு படிக்கிறன்" என்று அவன் பெருமையோடு சொன்னான்.

பஸ் முழுவதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அரை ரிக்கற்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "காசுக்காகக் கேக்கேல்லை அம்மா. பிள்ளைக்கு முன்னாலை பொய் சொன்னால் நாளைக்கு அது உமக்கே சொல்லும்" என்றார். அந்த மனுஷி இறங்குமட்டும் வாய்க்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். பின்னிருக்கையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

எங்கள் தீவில், கரம்பன் என்ற ஊரில் அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். நாங்கள் சைவம், அவர்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். என் மனிசன் பரமலிங்கம் பதுளையில் கடை வைத்திருந்தார். வருடத்தில் இரண்டுமுறை வருவார். 1983 கலவரத்தில் கடை எரிந்தபோது உடுத்த சாரத்தோடு வந்து சேர்ந்தார், பிறகு போகவில்லை. அதுவரை இரண்டு ஆண்பிள்ளைகளையும் நான்தான் வளர்த்தேன். மிரட்டல், கெஞ்சல், இடைக்கிடை பூவரசங் கம்பு, இவைதான் என்னிடம் இருந்த ஆயுதங்கள். என் பிள்ளைகள் வாயைத் திறந்தால் பாதி பொய். ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணம் கட்டிவைக்கிற ஊரில் இதைப் பெரிய குற்றமாக நான் எடுத்ததுமில்லை.

பத்திநாதர் தன் மகளை வேதப்புத்தகத்தை வைத்து வளர்த்தார். ஜெசிந்தா ஒரே பிள்ளை. முன்கூடத்தில் ஒரு சின்ன மேசை. அதில் அவர் மனைவி விக்ரோறியா பின்னிய வெள்ளை விரிப்பு. அதன்மேல் கறுப்பு மட்டை போட்ட அந்தப் புத்தகம். மேசையில் வேறு எதையும் வைக்கக்கூடாது. மெழுகுதிரிகூடத் தள்ளித்தான் நிற்கும். புத்தகத்தைத் தொடுவதானால் கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும். பஸ்ஸால் வந்ததும் அவர் முதலில் போவது கிணற்றடிக்குத்தான். "நாள் முழுக்கக் காசு பிடிச்ச கை" என்று சொல்லி விரலிடுக்கெல்லாம் தேய்ப்பார்.

பொழுதுபட்டதும் செபமாலை சொல்வார்கள். முடிந்ததும் ஜெசிந்தா ஒரு பகுதி வாசிப்பாள். அன்றைக்கு வாசித்தது அடுத்த நாள் நடக்கவேண்டும். அதுதான் அந்த வீட்டுச் சட்டம். காலையில் வேலியில் கிடுகு விலகிய பொட்டுக்குள்ளால் ஒரு சின்னக் கை நீளும், அதில் பாதிப் பணியாரம் இருக்கும்.

"என்ன பிள்ளை இது?"

"இருக்கிறதிலை பாதி குடுக்கோணும் மாமி. நேற்று வாசிச்சனான்."

"அப்ப நாளைக்கும் அதையே வாசியும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவேன். அவளுக்கு என் பகிடி விளங்காது. ஆனால் வஞ்சகமில்லாமல் சிரிப்பாள். சொன்ன சொல்லுக்கு அப்படி நிற்கிற பிள்ளையை நான் வேறெங்கும் கண்டதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் பயம்.

அந்தப் புத்தகத்துக்கு எங்கள் ஒழுங்கையில் இன்னொரு வேலையும் இருந்தது. பிள்ளைகளுக்குள் களவு, சண்டை என்று வந்தால் தாய்மார் பிள்ளையின் காதைப் பிடித்துக்கொண்டு பத்திநாதரிடம் வருவார்கள். அவர் அடிக்கமாட்டார், அதட்டவும்மாட்டார். "போய்க் கை கழுவிப்போட்டு வா" என்பார். பிறகு புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்துப் பிள்ளையின் முன்னால் வைத்து, "இதிலை கை வைச்சுச் சொல்லு" என்பார். உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு அந்த வீட்டில் தண்டனை கிடையாது, தோசை கிடைக்கும். என் பேட்டுக்கோழி காணாமல்போனபோது ஒழுங்கை முடக்குச் சவிரிமுத்துவின் மகன் அமலதாஸ் மாட்டினான். பத்து வயதிருக்கும். புத்தகத்தில் கை வைத்ததும் அவன் உதடு துடித்தது. "நான்தான் பிடிச்சுச் சுட்டுத் திண்டனான்" என்று சொல்லி அழுதான். பத்திநாதர் அவன் தலையைத் தடவி, "இந்தக் கை இனிப் பொய் சொல்லாது" என்றார். கோழி போன எனக்கு எரிச்சல். அவனுக்கோ இரண்டு தோசை.

ஆயுதம் தூக்கிய இயக்கங்கள் ஒன்றையொன்று வேட்டையாடத் தொடங்கிய 1986இல் ஜெசிந்தாவுக்கு ஒன்பது வயது. அதற்கு முதல் வருடம்தான் வெள்ளைச் சட்டை போட்டு முதல் நன்மை வாங்கினாள். கோயிலில் பூசை நேரம் சுவாமியார் கொடுக்கும் அப்பத்தை அவர்கள் நன்மை என்பார்கள். பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற்ற சுத்தமான மனதோடுதான் அதை வாங்கலாம் என்று ஜெசிந்தாவே எனக்கு விளங்கப்படுத்தியிருக்கிறாள்.

விக்ரோறியாவுக்கு எமிலியானுஸ் என்று ஒரு தம்பி. ஜெசிந்தாவின் மாமன். வாய் ஓயாத, கலகலப்பான பெடியன். வரும்போதெல்லாம் மருமகளுக்குத் தின்னப் புளுக்கொடியலும் கச்சானும் கொண்டுவருவான். அவன் இருந்தது ஒரு இயக்கத்தில். அதைத் தடை செய்தது இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் தேடத் தொடங்கியதும் அவன் மீன் வள்ளமொன்றில் வந்து தமக்கை வீட்டில் ஒளித்துக்கொண்டான். குசினிக்குப் பின்னால் வேலி அடைக்க ஓலை அடுக்கிவைத்திருந்த கொட்டிலில்தான் இருப்பு. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது ஜெசிந்தா.

அவன் வந்தன்றே புருசனுக்கும் பெண்சாதிக்கும் வாக்குவாதம். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"இஞ்சை பார் பிள்ளை, ஆரும் கேட்டால் மாமா வரேல்லை எண்டு சொல்லோணும்" என்றாள் விக்ரோறியா.

"பிள்ளைக்குப் பொய் பழக்காதையும்" என்றார் பத்திநாதர்.

"என்ரை தம்பியின்ரை உயிரப்பா!"

"அவன்ரை உயிரை நான் பாத்துக்கொள்ளுறன். பிள்ளை, ஆரும் கேட்டால் நீ வாயைத் திறவாதை. பொய்யும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். பேசாமல் நில்."

ஜெசிந்தா "ஓம் அப்பா" என்றாள். பத்திநாதர் தன் கெட்டித்தனத்தில் திருப்திப்பட்டிருப்பார். பொய்யும் சொல்லவில்லை, மச்சானையும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த மேசையில் இருந்த புத்தகத்தை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து மத்தியானம் திரும்புகிற நேரம். பத்திநாதர் பஸ்ஸில். நான் விக்ரோறியாவோடு முன்கூடத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். படலை திறந்தது. துவக்கோடு மூன்று பெடியள் வந்தார்கள். இரண்டு பேர் எங்களுக்குத் தெரியாதவர்கள். மற்றவன் அமலதாஸ். மீசை அரும்பியிருந்தது.

"அக்கா, எமிலியானுஸ் இஞ்சை வந்தவனோ?" என்றான் அமலதாஸ்.

"இல்லைத் தம்பி. அவன் இஞ்சாலை வந்து எவ்வளவு காலம்" என்றாள் விக்ரோறியா. குரல் பிசகவில்லை. நான்கூட நம்பியிருப்பேன்.

அமலதாஸ் அவளோடு தர்க்கிக்கவில்லை. வாசலில் நின்ற ஜெசிந்தாவைப் பார்த்தான். பிறகு துவக்கை மற்றவனிடம் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். துலா கிறீச்சிட்டது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவினான். சேட்டில் துடைத்துக்கொண்டு வந்து, மேசையிலிருந்த புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்தான். பிள்ளைக்கு முன்னால் முழங்காலில் இருந்து அதை நீட்டினான்.

"சின்னப் பிள்ளையிட்டை ஏனடா கேக்கிறாய்?" என்றேன். துவக்கு வைத்திருந்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் முருங்கையிலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"பிள்ளை, இதிலை கை வைச்சுச் சொல்லு. மாமா எங்கை?"

ஜெசிந்தா தாயைப் பார்த்தாள். தாய் தலையை ஆட்டவில்லை, ஆட்ட முடியாது. கண்ணாலேயே கெஞ்சினாள். பிள்ளைக்கு அது விளங்கியது. விளங்கித்தான் அவள் முகம் அப்படிக் கோணியது. நின்றாள், நின்றாள், பிறகு கிணற்றடிக்குப் போனாள். ஓடிவிடுவாள், வேலிப் பொட்டுக்குள்ளால் எங்கள் வளவுக்குள் புகுந்துவிடுவாள் என்று நான் நினைத்தேன். அவள் வாளியில் மிஞ்சியிருந்த தண்ணீரில் கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தாள்.

கையை வைத்தாள். "ஓலைக் கொட்டிலுக்கை" என்றாள்.

எமிலியானுஸைக் கொண்டுபோகும்போது விக்ரோறியா படலைவரைக்கும் நிலத்தில் இழுபட்டுக்கொண்டு போனாள். அமலதாஸ் புத்தகத்தைப் பழைய இடத்தில் வைத்து, விரிப்பின் சுருக்கை நீவிவிட்டு, "விசாரிச்சுப்போட்டு விட்டிடுவம் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். எமிலியானுஸ் மருமகளைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். அவனுக்கு அது சரிவரவில்லை.

பத்திநாதர் வந்ததும் விக்ரோறியா கத்திய கத்தல் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"உங்கடை புத்தகம் என்ரை தம்பியைத் திண்டிட்டுது! பிலாத்தும் கை கழுவிப்போட்டுத்தான் ஆண்டவருக்குத் தீர்ப்புச் சொன்னவன். உங்கடை பிள்ளையும் கழுவிப்போட்டுச் சொன்னவள்!"

அவர் கிணற்றடியில் கை கழுவினார். புத்தகத்தை எடுத்துத் துவாயில் சுற்றிக்கொண்டு படலையைத் திறந்தார். தனியே விட மனமில்லாமல் என் மனிசனும் கூடப் போனார். அங்கே நடந்ததை அவர்தான் வந்து சொன்னார்.

வெளிநாடு போன ஆரோ ஒருவரின் வீடுதான் அவர்களுடைய முகாம். கேற்றடியில் வெகுநேரம் நின்ற பிறகு அமலதாஸ் வந்தான். பத்திநாதர் துவாயை விலக்கிப் புத்தகத்தை நீட்டினார்.

"அமலதாஸ், இதிலை கை வைச்சுச் சொல்லு. எமிலியானுஸ் உயிரோடை இருக்கிறானோ?"

அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அண்ணை, நான் கை கழுவேல்லை."

"உள்ளுக்குக் கிணறு இருக்குத்தானே. கழுவிப்போட்டு வா. நான் நிக்கிறன்."

"நீங்கள் வீட்டை போங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான். திரும்பி வரவில்லை.

பத்திநாதருக்கு அந்தப் பதில் போதும். கோழி களவெடுத்த வயதில் தான் பழக்கிய பெடியன். துவக்குத் தூக்கினாலும் அந்தப் புத்தகத்தில் கை வைத்துப் பொய் சொல்ல அவனுக்கு ஏலாது. வரும் வழியில் மதகொன்றில் குந்திக்கொண்டு, "பரமலிங்கம், என்ரை பாடத்தை இவன் நல்லாய்ப் படிச்சிருக்கிறான்" என்றாராம்.

எமிலியானுஸின் உடலைக்கூட அவர்கள் கொடுக்கவில்லை. ஆனால் நான் சொல்லவந்தது அவன் கதையல்ல.

ஜெசிந்தா சாப்பாட்டை விட்டாள். முதலில் அடம் என்று நினைத்தோம். ஒரு கிழமை போக, வாய்க்குள் வைத்தது தொண்டைக்குள் இறங்காமல் ஓங்காளித்தாள். பள்ளிக்கூடம் இல்லை, பேச்சு இல்லை. படலைக்கு நேரே திண்ணையோடு ஒட்டிக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்தபடி இருப்பாள். ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். உடம்பில் ஒன்றுமில்லை, பிள்ளை எதற்கோ பயந்திருக்கிறது என்றார்கள். தாய் அவளைப் பார்க்கவேமாட்டாள். பெற்ற பிள்ளையை வெறுக்கவும் முடியாமல், தொடவும் முடியாமல் அடுப்படியிலேயே கிடந்தாள். நான்தான் கஞ்சி கொண்டுபோய் ஊட்டப் பார்ப்பேன். கையைப் பிடித்தால் எலும்புதான் இருந்தது. இந்தப் பிள்ளையும் போய்விடப் போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஒருநாள் நான் இருக்கும்போது அவள் தகப்பனிடம் கேட்டாள். "அப்பா, சொல்லாமல் விட்டிருந்தால் பாவம். சொன்னதும் பாவமோ?"

எதற்கும் புத்தகத்தில் பதில் எடுத்துக் காட்டுகிற மனிதர். அன்றைக்கு எழும்பி வெளியே போய்விட்டார். அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளையை இந்தக் கோலத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒரு ஆறுதல் வார்த்தை சொல்ல வாயில்லையா என்று வேலிக்கு இந்தப் பக்கம் வந்து பொருமினேன்.

அடுத்த நாள் பின்னேரம் நான் கஞ்சிக் கோப்பையோடு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். பத்திநாதர் பஸ்ஸால் வந்தார். காக்கி உடுப்பு, தோளில் ரிக்கற் பை. பையைக்கூடக் கழற்றாமல் வந்த வரத்தில் நேரே மேசையடிக்குப் போனார். வலது கையை அந்தப் புத்தகத்தின்மேல் வைத்தார்.

"பிள்ளை, இஞ்சை பார். மாமா உயிரோடை இருக்கிறார். அவரை விட்டிட்டினம். வள்ளத்திலை இந்தியாவுக்குப் போய், அங்கையிருந்து ஜேர்மனிக்குப் போட்டார். நீ உண்மை சொன்னபடியால்தான் விட்டவங்கள். சத்தியமாய்ச் சொல்லுறன்."

குசினி வாசலில் விக்ரோறியா வந்து நின்றாள். அவளுக்கு உண்மை தெரியும். தன் தம்பிக்கு அழக்கூட இனி வழியில்லாமல் போகிறது என்பதும் அவளுக்கு விளங்கியிருக்கும். ஒரு நிமிடம் புருசனைப் பார்த்தாள். பிறகு, "ஓம் பிள்ளை. எனக்கும் செய்தி வந்தது" என்றாள்.

ஜெசிந்தா தகப்பனின் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். "சரி அப்பா" என்றாள். என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். கோப்பைக் கஞ்சி முழுவதும் இறங்கியது. நான் வீட்டுக்கு வந்து என் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். பொய்க்குத் தேங்காய் உடைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிள்ளை பிழைத்துவிட்டாள். ஆனால் பத்திநாதர் பழைய பத்திநாதராக இல்லை. பஸ்ஸில் பிள்ளைகளிடம் வயது கேட்பதை விட்டுவிட்டார். தாய் எதைச் சொல்கிறாளோ அதற்கு ரிக்கற் கிழிப்பார். ஒழுங்கையில் ஒருத்தி, "பத்தியண்ணை, இவன் பொய் சொல்லுறான், ஒருக்கால் கேளுங்கோ" என்று மகனை இழுத்துக்கொண்டு வந்தாள். "சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வாசிப்பு மட்டும் நிற்கவில்லை. ஜெசிந்தா வாசிப்பாள், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பார்.

கோயிலிலும் ஒரு மாற்றம். ஞாயிறு தவறாமல் போவார். எல்லோரும் நன்மை வாங்க எழும்பும்போது இவர் கடைசி வரிசை வாங்கிலில் குந்தியிருப்பார். விக்ரோறியா ஒருநாள் என்னிடம் சொல்லி அழுதாள். புத்தகத்தில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தது அவர்களுக்குச் சாவான பாவம். அதை அவர் சுவாமியாரிடம் சொல்லப் போயிருக்கிறார். "அந்தப் பொய்யைப் பிள்ளைக்கு விளங்கப்படுத்திப்போட்டு வாரும், மன்னிப்பு உண்டு" என்றாராம் சுவாமியார். நியாயமான பேச்சுத்தான். பாவத்துக்கு மனம் வருந்துவது என்றால் பிழையைத் திருத்தவேண்டும், சும்மா வாயால் சொன்னால் போதாது.

"அவர் என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"'திருத்தினால் பிள்ளை செத்துப்போகும் சுவாமி, நான் நரகத்துக்குப் போறன்' எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்திட்டாராம்."

அந்த இடத்தில்தான் எனக்கு அந்த மனிதரில் முதன்முறை மரியாதை வந்தது. அதுவரைக்கும் அவரை நான் ஒரு புத்தகப் பூச்சியாகத்தான் நினைத்திருந்தேன்.

ஜெசிந்தா இடைக்கிடை கேட்பாள். "அப்பா, மாமா கடிதம் போட்டவரோ?" "ஜேர்மனியிலை சரியான குளிராம் பிள்ளை. வேலையும் கூடவாம்" என்பார். நத்தார் வந்தால், "மாமாவுக்கு அங்கை கேக் கிடைக்குமோ?" என்பாள். "கிடைக்கும், கிடைக்கும்" என்பார். வளர்ந்த பிறகும் கேட்பது நிற்கவில்லை. இந்தப் பெட்டைக்குக் கொஞ்சம்கூட விபரம் காணாது என்று நான் மனிசனிடம் சொல்லியிருக்கிறேன். எமிலியானுஸுக்கு ஒரு பூசை வைக்கவோ, விக்ரோறியா கறுப்பு உடுக்கவோ வழியில்லை. உயிரோடு இருப்பவனுக்கு ஆர் துக்கம் கொண்டாடுவது?

1990இல் ஆமி வர, தீவுச் சனம் எல்லாம் கிளம்பியது. நாங்களும் அவர்களும் ஒரே வள்ளத்தில் யாழ்ப்பாணம் வந்து, கொய்யாத்தோட்டப் பகுதியில் ஒரே வளவில் ஆளுக்கொரு அறையில் இருந்தோம். பத்திநாதர் கொண்டுவந்தது ஒரு துணிப் பையும் அந்தப் புத்தகமும். பஸ்ஸும் இல்லை, வேலையும் இல்லை. அங்கும் அவர் கோயிலில் கடைசி வாங்கில்தான்.

1994இல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். வீட்டுக்குத் தூக்கிவரும்போதே உயிர் இல்லை. சுவாமியார் ஓடிவந்தார். அவர் வந்து என்ன, கேட்கிற காது போய்விட்டது.

மறுநாள் பின்னேரம் எடுப்பதாக ஏற்பாடு. பெட்டியைச் சுற்றிப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணிக்கு வாளி நிரப்ப நான் கிணற்றடிக்குப் போனேன். ஜெசிந்தா கிணற்றுக் கட்டின்மேல் தனியே இருந்தாள். பதினேழு வயதுக் குமர். அழவில்லை.

"மாமி, அம்மா இப்பதான் சொன்னவ. அப்பா ஏன் நன்மை வாங்காமல் இருந்தவர் எண்டு."

நான் வாளியை நிலத்தில் வைத்தேன். "மாமாவைப் பற்றியும் சொன்னவவோ?"

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்."

"எண்டைக்கு?"

"அப்பா சத்தியம் பண்ணின அண்டைக்கு. அவர் கை கழுவேல்லை மாமி. பஸ்ஸாலை வந்த கையோடை வைச்சவர். கழுவாமல் அப்பா அதைத் தொடமாட்டார். தொட்டவர் எண்டால், அது சத்தியமில்லை எண்டுதான்."

"பிறகேன் பிள்ளை சாப்பிட்டனீர்?"

"அப்பான்ரை முகத்தைப் பாத்தனான். நான் நம்பாட்டி அவர் செத்துப்போவார் எண்டு நினைச்சன்."

"அப்ப அந்தக் கடிதம், குளிர், கேக் எல்லாம்?"

"நான் நம்புறன் எண்டு அவருக்குத் தெரியோணும் எல்லே. கேக்காமல் விட்டால் சந்தேகப்படுவார்." அவள் பெட்டி இருந்த பக்கம் பார்த்தாள். "எனக்குத் தெரியும் அப்பா எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், அவர் அடுத்த ஞாயிறே நன்மை வாங்கியிருப்பார் மாமி. எட்டு வருசம் நான் அவரைக் கடைசி வாங்கிலிலை இருத்திப்போட்டன். அண்டைக்குச் சொன்னதும் பிழை. இதைச் சொல்லாமல் விட்டதும் பிழையோ?"

எனக்கு எல்லோர்மேலும் கோபம் வந்தது. அந்த அமலதாஸ்மேல், அந்தப் புத்தகத்தின்மேல், எங்கள் பிள்ளையார்மேல்கூட. "இல்லை" என்று சொன்னேன். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப, இல்லை, இல்லை என்றேன். அவள் நம்பினாளோ, எனக்காக நம்பினதுபோல் இருந்தாளோ, அது அவளுக்குத்தான் வெளிச்சம்.

உள்ளேயிருந்து ஆரோ, வாசிக்கவேணும், பிள்ளையைக் கூப்பிடுங்கோ என்றார்கள். ஜெசிந்தா எழும்பிச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள். பிறகு செம்பில் தண்ணீர் மொண்டு, சவர்க்காரத்தையும் ஒரு வெள்ளைத் துவாயையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன்.

பெட்டிக்குள் பத்திநாதரின் கைகளைச் சேர்த்துச் செபமாலை சுற்றியிருந்தார்கள். அவள் அதை மெல்லக் கழற்றினாள். தகப்பனின் வலது கையை எடுத்துச் சவர்க்காரம் தடவி, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள். துவாயால் ஈரம் ஒற்றினாள். என்ன செய்கிறாள் என்று சனம் விழித்தது. புத்தகத்தைக் கொண்டுவந்து அந்தக் கைக்குக் கீழே வைத்து, "எனக்குத் தெரியும் அப்பா" என்றாள். பிறகு புத்தகத்தை எடுத்து விரித்து வாசிக்கத் தொடங்கினாள்.